அவர் வண்டி, என் கால்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்த இடத்தில் வலது காலை ஆட்டும் பழக்கம். சாப்பிடும்போது ஆடும், பூக்கட்டும்போது ஆடும், யாராவது துக்கம் விசாரிக்க வந்திருக்கும்போதுகூட ஆடும். அம்மா பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டித் தொடையில் பட்டென்று ஒன்று வைப்பாள். "காலை ஆட்டாத புள்ள, ஊட்டுக்கு ஆகாது" என்பாள். அடி விழுந்ததும் கால் நிற்கும். அவள் முகத்தைத் திருப்பியதும் மறுபடி ஆரம்பிக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வாழப்பாடியில் எங்கள் தெருவே என்னைச் சொல்லும்.

சக்கரம் கட்டிய காலை எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டார்கள். அம்மாவின் அண்ணன் மகனுக்கே என்னைக் கொடுத்தார்கள். ஆகவே மாமனார் எனக்குத் தாய்மாமன். மாமா என்றே கூப்பிடுவேன். வேற்று வீடு இல்லை, ஒரு குறையும் இல்லை. ஆனால் வேலை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. தண்ணீர் சேந்த ஆள், மாட்டுக்குத் தீனி வைக்க ஆள், நெல் அவிக்க ஆள். மருமகள் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப்பக்கம் போனால், "அம்மணி எங்கீங்க போறீங்க?" என்று எதிரில் வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். நான் அடுப்படிக்கும் முன்கூடமான ஆசாரத்துக்குமாக நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது என்பதை இப்போது வெளிப்படையாகச் சொல்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மூச்சு விட வைத்தது அந்த வண்டிதான்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை கப்பலேறிப் போகும்போது விற்றுவிட்டுப் போக, மாமா வாங்கிப்போட்ட மோட்டார் அது. உலகச் சண்டை வருவதற்கும், பெட்ரோலுக்குக் கூப்பன் வருவதற்கும் முந்திய காலம். கரும்பச்சை நிறம், நீளமான மூக்கு, கித்தான் கூரை. முன்னால் இரண்டு பேருக்கு மட்டும் இடம். பின்னால் ஒரு மூடியைத் திறந்தால் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும்படி ஒரு குழி. அதற்கு டிக்கி என்று பெயர். மாமா அதைக் கோழிப் பஞ்சாரம் என்பார். கியர்க் கம்பி நடுவில் இல்லாமல், ஓட்டுகிறவரின் வலது கைப்பக்கம் கதவோரமாக இருந்தது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அது நடுவில் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அந்தத் துரை மலைப்பாதையில் பந்தயம் விட்டவராம். பந்தயத்துக்காகவே முடுக்கிவைத்த கிளச். மற்ற மோட்டார்களில் மிதித்த காலை எடுக்க எடுக்க வண்டி மெல்ல நகரும். இதில் பாதி வழி வரைக்கும் ஒன்றுமே இருக்காது. ஒரு விரல் அகலத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஒன்று, வண்டி நிற்கும். இல்லாவிட்டால் பாயும். நாமக்கல்-சேலம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை அழைத்துவந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கிளப்பினார், குதித்தது, நின்றது. மறுபடி கிளப்பினார், குதித்தது, நின்றது. இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மனுசக் காலு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை போதும். பிடிவாதம் பிடித்தால் விடமாட்டார். அந்த மாசி பங்குனி முழுக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டே இருந்தார். சித்திரையில் வண்டி அவர் சொன்னபடி கேட்டது. சாயந்தரமானால், "வாரியா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அதற்குள் நான் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்திருப்பேன். நாமக்கல் கோட்டைப் பாறை கண்ணுக்குத் தெரிகிற வரை போவோம், திரும்புவோம். காற்று முகத்தில் அடிக்கும்போது என் கால் ஆடாமல் இருக்கும். அதை நானே ஒருநாள் கவனித்துச் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் அவர் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தார். இடது முழங்கால் நொறுங்கியது. வைத்தியர் கட்டுப் போட்டு எலும்பு கூடியது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை, பாதத்தில் பலம் இல்லை. நட்ட கழியைப்போலக் காலை நீட்டியபடியே நடந்தார். கிளச்சை மிதிக்க முடியவில்லை. மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "தன் காலால ஓட்ட முடிஞ்சா வெச்சுக்கட்டும். இல்லீன்னா தை பொறந்ததும் வித்துப்போடறேன். சேலத்துத் தோல் மண்டி பாய் கேட்டுக்கிட்டே இருக்கறாரு." மாமா சொன்னால் சொன்னதுதான்.

என் வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் கொட்டகையான சாளையில், மோட்டாருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு பொழுதைப் போக்கினார். பேசமாட்டார். பேசினால் எரிந்து விழுவார். மத்தியானம் மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நானும் இடப்பக்க இருக்கையில் உட்காருவேன். போகாத வண்டியில் இரண்டு பேர். அவர் சும்மா என்ஜினை ஓடவிடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் என் கால் ஆட ஆரம்பிக்கும். ஒருநாள் அவர் எரிச்சலில் கத்தினார்.

"சும்மா ஆட்டற காலை இதுலயாச்சும் வெச்சு மிதிச்சுத் தொலை!"

கோபத்தில் சொன்னதுதான். நானும் கோபத்தில்தான் காலை நீட்டினேன். என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, அவரது நீட்டின காலுக்கு மேலாக என் வலது காலைக் கொண்டுபோய்க் கிளச்சில் வைத்து அழுத்தினேன். அசையவில்லை. முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து உதைத்தேன். இறங்கியது. அவர் கை தானாகக் கியர்க் கம்பிக்குப் போனது. கடக் என்று விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உடு" என்றார்.

விட்டேன். வண்டி சாளையிலிருந்து தாவிக் குதித்து, வெளியே கிடந்த நுகத்தடி மேல் ஏறி, வைக்கோல் போரில் மூக்கைக் குத்தி நின்றது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவரும் சிரித்தார்.

மறுநாளிலிருந்து ஏரிக்குப் போனோம். அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி காய்ந்து கிடந்தது. உச்சி வெயிலில் அங்கே ஒரு குருவி இருக்காது. சாளைக்குப் பின்புறமாகவே ஏரிக்கு வண்டித்தடம் இறங்கும். அவர் கையில் ஸ்டீரிங் வளையமும் கியரும், வலது காலில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும். என் காலில் கிளச். ஒரு வண்டிக்கு இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள்.

முதல் கஷ்டம் கிளச் இல்லை, மரியாதை. அவரது மடங்காத கால் கிளச்சுக்குப் பக்கத்திலேயே நீண்டு கிடக்கும். நான் மிதிக்கும்போதெல்லாம் என் பாதம் அவர் காலில் படும். பட்ட மாத்திரத்தில் எனக்குக் கை தானாகக் கீழே போகும். கிளச்சை விட்டுவிட்டுக் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். யோசித்துச் செய்வதில்லை. பிறந்ததிலிருந்து பழகினது. பெருமாள் கோயில் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர் மேல் கால் பட்டாலும் அப்படித்தானே செய்கிறோம்? நான் குனிவதற்குள் வண்டி துள்ளும், என் நெற்றி முன்பலகையில் மோதும், என்ஜின் செத்துப்போகும். மறுபடி கிளப்புவோம். மறுபடி கால் படும். மறுபடி ஒற்றிக்கொள்வேன். மறுபடி நெற்றியில் இடி. அன்றைக்கு ஏரிக்குள் வண்டி போன தூரத்தைவிட நான் கும்பிட்ட கும்பிடு அதிகம்.

"நீ ஓட்ட வந்தியா, பூசை பண்ண வந்தியா?" என்று கத்தினார்.

"கால் படுதுங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"பட்டாப் படட்டும். கும்புடறதையெல்லாம் சேத்து வெச்சு எறங்குனப்பறம் மொத்தமாக் கும்புட்டுக்க. இப்ப மிதி."

அப்படியே ஏற்பாடு ஆனது. ஓடும்போது எத்தனை முறை பட்டாலும் கணக்கில்லை. சாளைக்குத் திரும்பி இறங்கியதும் அன்றைய பாவத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு முறை தொட்டு ஒற்றிக்கொள்வேன். இருந்தாலும் குனியாமல் இருக்கக் கையைப் பழக்கியதுதான் பெரும்பாடு. கொஞ்ச நாள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகுதான் கிளச்சே என் கவனத்துக்கு வந்தது. வெறுங்காலால்தான் மிதித்தேன். கால்விரல் மிஞ்சி கிளச் கட்டையின் விளிம்பில் மாட்டும். சுமங்கலி மிஞ்சியைக் கழற்றக்கூடாது. பழந்துணியைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டேன். இரும்புக் கட்டையின் கோடுகள் உள்ளங்காலில் பதிந்து சாயந்தரம் வரைக்கும் சிவந்திருக்கும். அவர் சொல்லிக்கொடுக்கிற அழகைக் கேட்க வேண்டுமே!

"மெதுவா உடு. உடு… உடு… அட உடாதே!"

"உடச் சொல்றீங்களா, உட வேண்டாங்கறீங்களா?"

"புடிக்கற எடத்துல நிறுத்துன்னா நிறுத்தோணும். கெணத்துல தண்ணியெறைக்கற கவலை மாடு பின்னால ஏறி வாராப்புல நிதானமா வரோணும்."

"நான் எப்பங்க கவலை ஓட்டினேன்? பொம்பளைகிட்டப் போயி கவலை மாட்டைச் சொன்னா?"

சண்டை ஏரி முழுக்கக் கேட்கும். கேட்க ஆள் இல்லாததால் இரண்டு பேரும் தாராளமாகக் கத்தினோம். வீட்டில் அவரிடம் நான் குரலை உயர்த்தினதில்லை; வண்டிக்குள் உயர்த்தினேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் சொல்லி வராதது ஒருநாள் தானாக வந்தது. கிணற்றில் குடத்தை இறக்கிக் கயிற்றைத் தளர்த்தும்போது, குடம் மிதந்துகொண்டிருக்கும் வரை உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியாது. சாய்ந்து தண்ணீர் ஏற ஆரம்பித்த நொடியில் கைக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. கிளச் விரல் அகலத்தில் பிடிக்கிற இடமும் அப்படித்தான் இருந்தது. கட்டை லேசாக நடுங்கும், என்ஜின் குரல் ஒரு படி இறங்கும். அங்கே பாதத்தை மூச்சுப் பிடித்ததுபோல நிறுத்தினேன். வண்டி குதிக்கவில்லை. தரை நகர்வது தெரியாமல் நகர்ந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த இடம் நிலையாக இருந்தால் பரவாயில்லை. காலையில் ஓர் இடத்தில் பிடிக்கும், சூடேறினதும் இன்னோர் இடத்தில் பிடிக்கும். நேற்றைக்குக் கற்றுக்கொண்டது இன்றைக்கு உதவாது. தவிர, ஒவ்வொரு கியருக்கும் இரண்டு மிதி. மிதித்து, கம்பியை நடுவுக்குக் கொண்டுவந்து, விட்டு, மறுபடி மிதித்து, அடுத்ததுக்குத் தள்ள வேண்டும். நான் ஒரு நொடி பிந்தினால் உள்ளே பல்லோடு பல் அரைபடும். கியர்க் கம்பி அவருக்கு அந்தப்பக்கம் இருந்ததால் எனக்குத் தெரியாது. அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலது தோள் இறங்கினால் மிதி. கொஞ்ச நாளில் தோளைப் பார்ப்பதும் நின்றது. என்ஜின் குரல் ஏறுகிற விதத்திலேயே அவர் இப்போது கேட்கப்போகிறார் என்று காலுக்குத் தெரிந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன் மிதித்திருப்பேன்.

தை பிறந்தது. மாமா களத்தில் நின்றுகொண்டிருந்தபோது வண்டியை ஏரித்தடத்திலிருந்து மேலேற்றி, அவர் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, பாலில் ஆடை கலையாதபடி கொண்டுவந்து நிறுத்தினோம். என் புடவை முழங்காலை மூடி வழிந்திருந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரு புருஷன் ஓட்டுகிறான், பெண்டாட்டி பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"காலு?" என்றார் மாமா.

"நடக்கறதுக்குத்தானுங்கப்பா மொழங்கால் மடங்கோணும். மிதிக்கறதுக்கு வேண்டாம்" என்றார் இவர். முகம் சுளிக்காமல் சொன்னார். நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தோல் மண்டி பாய்க்கு வண்டி விலைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. என் மாமியாரான அத்தை, தன் மகன் கால் சரியானதற்காகக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம், "என்ன நயமா ஓட்டறானப்பா! குதிக்காம, குலுங்காம" என்பார்கள். குதிக்காமல் குலுங்காமல் இருப்பது கிளச்சினால். கிளச் என் கால். அவர் மட்டும் ஓட்டின காலத்தில் வண்டி அவ்வளவு நயமாகப் போனதே கிடையாது. அதை அவரே ஏரியில் ஒருநாள் ஒத்துக்கொண்டார். சபையில் மட்டும் மீசையைத் தடவிக்கொள்வார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னால் அவர் மானம் போகும், வண்டி பாய் வீட்டுக்குப் போகும், நான் மறுபடி அடுப்படிக்கும் ஆசாரத்துக்கும் நடக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு காலை ஆட்டினேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கிளச் கல். தினமும் மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கட்டையாகிவிட்டது. விடியற்காலையில் நரம்பு சுண்டி இழுக்கும். எழுந்து உட்கார்ந்து விளக்கெண்ணெய் போட்டு நானே நீவிக்கொள்வேன். பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். தன் காலைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை. என் காலைப் பற்றிக் கேட்ட நாள் இல்லை. ஒருநாள் சாளையில் இறங்கினதும் வழக்கமான அந்த ஒரு கும்பிடைப் போடாமல் நேராக வீட்டுக்குள் போய்விட்டேன். அவர் கவனித்தார். மறுநாளும் போடவில்லை. அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மாசியில் ஒரு காலை, முதல் பஸ்ஸில் வாழப்பாடியிலிருந்து ஆள் வந்து இறங்கியது. அம்மாவுக்கு முடியவில்லை. நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்றான் அவன். நான் கையில் இருந்த முறத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாது. உள்ளே ஓடிப் புடவையை மாற்றி, கால்விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, முந்தின சாயந்தரம் நாங்கள் நிறுத்தின இடத்திலேயே வண்டி வாசலில் நின்றது. மாமா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு என் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். வாசலில் பண்ணையாட்களும் அக்கம்பக்கமுமாகக் கூட்டம்.

"நானும் இவனும் முன்னால போயிடறோம் அம்மணி. எந்தங்கச்சி மூஞ்சிய உசிரோட நான் பாக்கோணும்" என்றார். "நீ அத்தையோட பஸ்ஸுல வா."

"நானும் வாரேனுங்க மாமா. பின்னால உக்காந்துக்கறேன்."

"அந்தப் பஞ்சாரத்துலயா? பண்ணைக்காரன் மருமக கோழியாட்டம் குந்திக்கிட்டுப் போனா சேலம் வரைக்கும் சிரிப்பாங்க. சொன்னாக் கேளு சாமி."

அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல்தான். நாமக்கல்லில் மாறி, சேலத்தில் மாறி, வாழப்பாடி போய்ச் சேரும்போது என்ன மிச்சமிருக்கும்? சாகக் கிடப்பது என் அம்மா. இவர்களுக்கு அண்ணன் பெரிதாக இருந்தான், மருமகன் பெரிதாக இருந்தான், வண்டி பெரிதாக இருந்தது. மகள் பஸ்ஸில் வரலாம். எனக்கு வந்த கோபத்தில் கண்ணீர்கூட வரவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைத்தடியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, மடங்காத காலை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்தார். என்ஜின் கிளம்பியது.

அவர் தோள் இறங்குவதைக் கண்டேன். புழுதியில் நின்றுகொண்டிருந்த என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

அவர் என்ன செய்தாரோ, வண்டி ஒரு முழம் பாய்ந்து செத்தது. மாமாவின் தலைப்பாகை மடியில் விழுந்தது. மறுபடி கிளப்பினார். இடது தொடையைக் கையால் அமுக்கி அந்தப் பலமில்லாத பாதத்தைக் கிளச்சில் வைத்து அழுத்துவது எனக்குத் தெரிந்தது. பற்கள் அரைபட்டன, மாடுகள் மிரண்டன, வண்டி துள்ளி நின்றது. இன்னொரு முறை. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அவர் என்று நின்றேன்; அங்கே அம்மா மூச்சை எண்ணிக்கொண்டிருக்க இங்கே நான் வீம்பு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா ஆச்சு?" என்றார் மாமா. "காலு நோவுதா?"

அவர் என்ஜினை நிறுத்தினார். வளையத்தின் மேல் கையை வைத்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எங்காலு சரியாகலீங்கப்பா. இத்தனை நாளும் மிதிச்சது அவ காலு. நான் கையில புடிச்சுக்கிட்டு இருந்ததோட சரி."

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. குனிந்து கீழே இருந்த கட்டைகளைப் பார்த்தார். தன் இடத்திலிருந்து கிளச் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். பிறகு வெளியே நின்ற என் காலைப் பார்த்தார். விரலில் சுற்றின துணியைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற அத்தை, "ஐயோ, புருசன் மேல காலை வெச்சா" என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். குலதெய்வத்துக்கு வைத்த பொங்கல் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மாமா இறங்கினார். வண்டியை அன்றைக்கே விற்றுவிடுவார், இவரை நாலு பேர் முன்னால் உரித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தலைப்பாகையைத் தட்டித் திரும்பக் கட்டிக்கொண்டார். வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், டிக்கி மூடியைத் தூக்கித் திறந்தார். ஒரு பண்ணையாள் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி உள்ளே வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினார்.

"நின்னு பாத்துக்கிட்டு இருக்கற நேரமா இது? ஏறு அம்மணி" என்றார்.

ஏறினேன். காலை நீட்டினேன். அவர் கால் மேல் பட்டது, குனியவில்லை. அழுத்தினேன்.

அந்தப் பாதையை நான் பார்க்கவே இல்லை. நாமக்கல் போனது தெரியும், ராசிபுரம் பிரிவு போனது தெரியும். அதற்கு மேல் எல்லாம் காலுக்கு மட்டும்தான் தெரியும். மாட்டுவண்டி வரிசை வந்தால் மிதி, மேடு வந்தால் ரெட்டை மிதி. வெயில் ஏற ஏறப் பிடிக்கிற இடம் நகர்ந்துகொண்டே போனது, என் கால் அதைத் தேடித் தேடிப் போனது. சேலம் ரயில்வே கேட்டில் மூடியிருந்தார்கள். சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகப் போனது. எனக்குக் கீழே இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. கெண்டைக்கால் துடித்தது. கேட் திறந்ததும் முதலில் நகர்ந்தது எங்கள் வண்டிதான். சேலத்துக் கடைவீதியில் டிக்கியில் குந்தியிருந்த பெரிய பண்ணைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது வாஸ்தவம். அவர் திரும்பியே பார்க்கவில்லையாம். இவரும் அன்றைக்கு ஒரு தடவைகூட மிதி, விடு என்று சொல்லவில்லை.

வாழப்பாடி போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு உயிர் இருந்தது. இறங்கினதும் என் கால் தரையில் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கயிற்றுக் கட்டிலில் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தாள். மாமா தலைமாட்டில் நின்று கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"அண்ணா… எப்படீங்க இத்தனை சுருக்கா வந்தீங்க?"

"மோட்டார்ல."

"மாப்பிள்ளைக்குக் காலு நல்லாயிருச்சுங்களா? அவரா ஓட்டியாந்தாரு?"

மாமா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகம், மீசை, புருவம் எல்லாம் புழுதி.

"இல்ல" என்றார். "உம்மக ஓட்டியாந்தா."

நிலைப்படியில் தடியை ஊன்றி நின்றிருந்த இவர், "ஆமாங்கத்தை" என்றார்.

அம்மா என்னைத் தேடினாள். நான் கட்டில் சட்டத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வலது கால் புடவைக்குள் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது, நிறுத்த முடியவில்லை. அவள் கை மெல்ல நகர்ந்து வந்தது. பட்டென்று ஒன்று விழும் என்று காத்திருந்தேன். கை என் கெண்டைக்கால் மேல் வந்து படிந்தது. கல்லாக இறுகிப்போயிருந்த அந்தச் சதையைத் தடவிப் பார்த்தாள்.

"நோவுதா சாமி?" என்றாள்.

அந்தக் கேள்வியை அதுவரைக்கும் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"நோவுதும்மா" என்றேன்.